பழைய நீர்ச்சறுக்குப் படகின் பிணியறிதல்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஓர் ஏரி. மாலைநேரம். காற்று அடங்கி, நீர்ப்பரப்பு கண்ணாடி போலக் கிடக்கிறது. ஒரு தந்தை தம் பழைய படகின் சுக்கானைப் பிடித்திருக்கிறார். அவரருகே நண்பர் ஒருவர் பின்னோக்கி அமர்ந்திருக்கிறார். 23 மீற்றர் நீளமுள்ள கயிற்றின் நுனியைப் பற்றிக்கொண்டு மகள் நீரின்மேற் சறுக்கி வருகிறாள். இருபது நிமிடம் எல்லாம் இனிது நடக்கிறது. பின்னர் இயந்திரம் மூச்சுத் திணறுவது போலத் தடுமாறுகிறது, இருமுறை விக்குகிறது, நின்றுவிடுகிறது. கயிறு தளர்கிறது. மகள் நீரில் அமிழ்ந்து மிதக்கிறாள். பத்து நிமிடம் கழிந்தபின் இயந்திரம் ஒன்றுமே நடவாதது போல மீண்டும் இயங்குகிறது. அடுத்த வாரமும் இதே கதைதான்.

அந்தத் தந்தை தீப்பொறிக்கு மின்னூட்டும் சுருளை மாற்றினார், பிணி தீரவில்லை. காபுரேற்றரை மாற்றினார், தீரவில்லை. பெற்றோற் பம்பியையும் மாற்றினார், அப்போதும் தீரவில்லை. பணம் கரைந்தது, பிணி அப்படியே இருந்தது. இவர் கற்பனை மனிதரே. ஆயினும், பழைய படகு வைத்திருப்போர் பலர் இவரிடத்திலே தம்மைக் கண்டுகொள்வர். இவருடைய தவறு யாது, இவர் எவ்வாறு ஆராய்ந்திருத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில் இப்படகு எத்தகையது என்பதை அறிந்துகொள்வோம். நீர்ச்சறுக்கு என்னும் விளையாட்டு 1922ஆம் ஆண்டிலே பிறந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள பெப்பின் ஏரியில், ரால்ப் சாமுவெல்சன் என்னும் இளைஞர் இரு பலகைகளைக் காலிற் பூட்டி, படகொன்றின் பின்னே நீர்மேற் சறுக்கிக் காட்டினார். காலப்போக்கில் இவ்விளையாட்டுக்கென்றே தனிப் படகுகள் தோன்றின. புளோரிடாவின் கொறெக்ற் கிராவ்ற் நிறுவனம் 1961இல் இருந்து கட்டிய ஸ்கீ நோட்டிக் படகும், 1968இல் தெனசி மாநிலத்தில் தொடங்கிய மாஸ்ரர் கிராவ்ற் நிறுவனத்தின் படகும் இவ்வகையிற் புகழ்பெற்றவை.

இவற்றிலே இயந்திரம் படகின் பின்புறத்தில் தொங்குவதில்லை. படகின் நடுவே, ஒரு பெட்டியினுள்ளே அமர்ந்திருக்கும். நம் நாட்டு மீனவர் வழக்கிற் சொல்வதானால், இது வெளியிணைப்பு இயந்திரமன்று, உள்ளிணைப்பு இயந்திரம். அதிலிருந்து ஓர் உருக்குத் தண்டு சாய்வாகக் கீழிறங்கி, படகின் அடியைத் துளைத்து வெளிச்சென்று, உந்துவிசிறியைச் சுழற்றும். பாரம் நடுவில் இருப்பதனாற் படகு நேராக ஓடும். பின்னே எழும் அலையும் தாழ்ந்திருக்கும். ஆடவர் போட்டியிலே மணிக்கு 58 கிலோமீற்றர் வேகத்தில் இழுபட்டுச் செல்வோருக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை.

1970களிலும் 1980களிலும் கட்டிய இத்தகைய படகுகளுட் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றின் இயந்திரம் பெரும்பாலும் கார் இயந்திரமே. போர்ட் நிறுவனத்தின் 5.8 லீற்றர் இயந்திரமும், ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் 5.7 லீற்றர் இயந்திரமும் நீரில் உழைப்பதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்டு இவற்றிற் பூட்டப்பட்டன. இரண்டும் எட்டுச் சிலிண்டர்கள் உடையவை. ஆகவே, கார் திருத்தத் தெரிந்தவர்க்கு இப்படகு பழகிய முகம் போலத் தோன்றும். ஆனால் அங்கேதான் முதல் ஆபத்தும் இருக்கிறது.

காரிலே பெற்றோல் ஒழுகினால் ஆவி நிலத்திற் பரவி, காற்றிற் கலந்து போய்விடும். படகிலோ இயந்திரம் மூடிய பெட்டியினுள் இருக்கிறது. பெற்றோல் ஆவி காற்றிலும் மும்மடங்குக்கு மேற் பாரமானது. அது கீழிறங்கிப் படகின் அடிப்பள்ளத்திலே குளம்போலத் தேங்கி நிற்கும். வெளியேற வழியில்லை. ஒரு சிறு பொறி போதும். படகும் படகிலுள்ளோரும் தப்புவது அரிது. ஆதலின், இயந்திரத்தை முடுக்குமுன் காற்றூதியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட்டு, பெட்டியைத் திறந்து மூக்கால் மோந்து பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கைப் பலகையை இத்தகைய படகுகளிற் காணலாம். பிணியறிதலின் முதற்படி இதுவே. பெற்றோல் மணம் வீசினால் மற்ற ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். ஒழுக்கு எங்கே என்பதைக் கண்டு அடைப்பதுதான் அன்றைய வேலை.

படகுக்கென்று செய்த ஸ்ராட்டர், டைனமோ, தீப்பொறி பங்கிடும் கருவி ஆகியவற்றின் உள்ளே எழும் பொறி வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி அவை காப்பமைப்புடன் இருக்கும். காரின் உதிரிப்பாகம் உருவில் ஒத்திருக்கும், விலையும் குறைவு, பூட்டினால் வேலையும் செய்யும். ஆனால் அந்தக் காப்பு அதில் இல்லை. காபுரேற்றரும் அப்படியே. படகுக்கான காபுரேற்றர் நிரம்பி வழிந்தால், மிகுந்த பெற்றோல் அதன் தொண்டைக்குள்ளேயே விழும். காருக்கானதோ வெளியே சிந்திவிடக்கூடும். பழைய படகொன்றை வாங்குவோர், முன்னிருந்தவர் சிக்கனம் கருதிக் காரின் பாகங்களைப் பூட்டியிருக்கிறாரா என்பதை முதலிலே பார்த்தல் வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. பழைய படகுகள் சிலவற்றின் இயந்திரம் கார் இயந்திரத்துக்கு எதிர்த்திசையிற் சுழலும். அதனால் சிலிண்டர்களிலே தீப்பற்றும் வரிசையும் மாறும். இதையறியாமல் கார் நூலைப் பார்த்துக் கம்பிகளை மாட்டினால், நல்ல இயந்திரமும் இருமி வெடித்துக்கொண்டே இருக்கும், இயங்காது. கம்பியொன்றைக் கழற்றுமுன் அதற்கு அடையாளமிடுவது இவ்விடத்திற் பெரிய அறிவாகும்.

இனி, நம் தந்தையின் படகுக்கு வருவோம். பெற்றோல் இயந்திரம் ஒன்று இயங்குவதற்குத் தீப்பொறி வேண்டும். காற்றோடு கலந்த எரிபொருள் வேண்டும். சிலிண்டரினுள் அமுக்கம் வேண்டும். நின்றுபோன இயந்திரம் இம்மூன்றில் ஒன்றை இழந்திருக்கிறது. அது பத்து நிமிடத்திற்பின் தானே இயங்குவதனால் அமுக்கம் பெரும்பாலும் பழுதில்லை என்று கொள்ளலாம். எஞ்சியவை தீப்பொறியும் எரிபொருளும். இவ்விரண்டில் எது?

இங்கே முதற்சான்று, இயந்திரம் நின்ற விதந்தான். விளக்கை அணைத்தாற்போலச் சட்டென்று நின்றால், குற்றம் பெரும்பாலும் மின்சாரத்தில் இருக்கும். தடுமாறி, விக்கி, வலுக்குறைந்து நின்றால் எரிபொருள் போதாமையைச் சந்தேகிக்க வேண்டும். நம் படகு விக்கி நின்றது. ஆகவே ஐயம் எரிபொருளின் பக்கம் சாய்கிறது. ஆயினும் ஐயம் மாத்திரம் போதாது. சூடேறினால் தளர்ந்து, ஆறினாற் தேறும் மின்சுருளும் ஏறக்குறைய இதே கூத்தை ஆடும். எனவே சோதித்தறிதல் வேண்டும்.

சோதனையை இயந்திரம் நின்ற அந்தக் கணத்திலேயே செய்தல் வேண்டும். பத்து நிமிடம் கழிந்தாற் சான்று மறைந்துவிடும். காற்றூதியை ஓடவிட்டபின், தீப்பொறிக் கம்பியிலே கவ்வும் சோதனை விளக்கை மாட்டி இயந்திரத்தைச் சுழற்றிப் பார்க்கலாம். விளக்குச் சீராக மின்னினால் தீப்பொறி போய்ச் சேர்கிறது என்பது தெளிவு. செருகியைக் கழற்றி வெட்டவெளியிற் பொறி பறக்கவிடும் பழைய வழக்கத்தைப் படகினுள் ஒருபோதும் கைக்கொள்ளலாகாது.

அடுத்து, இயந்திரம் நின்றிருக்கும்போதே காபுரேற்றரின் மேலுள்ள தீத்தடுப்பு மூடியைக் கழற்றி, வேகக் கைப்பிடியை ஒருமுறை அசைத்துப் பார்க்க வேண்டும். தொண்டையிலே பெற்றோற் தாரை பாய்ந்தால், அங்கே எரிபொருள் உண்டு. தாரை வராவிட்டால் கிண்ணம் வறண்டிருக்கிறது. பார்த்து முடிந்ததும் மூடியை மீளப் பூட்டிய பின்னரே இயந்திரத்தை முடுக்கலாம்.

நம் தந்தை இதைச் செய்திருந்தால், விளக்கு மின்னுவதையும் தாரை வராமையையும் கண்டிருப்பார். மின்சுருள் குற்றமற்றது என்பது அக்கணமே விளங்கியிருக்கும். பின்னர், காபுரேற்றரிலிருந்து தாங்கி வரையிற் பின்னோக்கி நடந்து செல்வதுதான் பாக்கி. வழியிலே வடி அடைபட்டிருக்கலாம். படகுப் பம்பியிலே கண்ணாடி போன்ற ஒரு சிறு குழாய் இருக்கும். அதிலே பெற்றோல் தெரிந்தால், பம்பியின் உட்சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். தாங்கியின் வாயிலே, குழாய் அறுந்தால் எரிபொருள் தானே வடிந்து படகை நிரப்பாதபடி காக்கும் சிறு வால்வு உண்டு. அதில் துரும்பு சிக்கலாம். இக்காலப் பெற்றோலில் எதனோல் என்னும் மதுசாரம் கலந்திருக்கும் நாடுகளிலே, அது பழைய றப்பர்க் குழாய்களின் உட்சுவரை இளக்கித் துகளாக்குவதும், நீரை உறிஞ்சி வைத்துப் பின் தாங்கியின் அடியிற் பிரித்து விடுவதும் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் முன் செய்யத்தக்க, காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இயந்திரம் நின்றவுடன் தாங்கியின் மூடியைத் தளர்த்திப் பார்த்தல். நம் படகிலே மூடியைத் தளர்த்தியதும், காற்று உஸ்ஸென்று உள்ளே பாய்ந்தது. இயந்திரமும் உடனே உயிர்பெற்றது. காரணம் என்ன? தாங்கியிலிருந்து பெற்றோல் வெளியேற வெளியேற, அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்கென்று படகின் பக்கவாட்டில் ஒரு சிறு துவாரம் உண்டு. அத்துவாரத்திலே ஒரு குளவி மண்ணாற் கூடு கட்டியிருந்தது! காற்று வரவில்லை, தாங்கியினுள் வெற்றிடம் வலுத்தது, இருபது நிமிடத்திற் பம்பி இழுக்கமாட்டாமல் தோற்றது. இயந்திரம் ஓய்ந்திருந்தபோது காற்று மெல்லக் கசிந்து உட்சென்றதனால் அது மீண்டும் இயங்கியது. மூன்று பாகங்களை மாற்றியும் தீராத பிணியை, ஒரு துண்டுக் கம்பி தீர்த்துவைத்தது.

இதிலிருந்து பெறத்தக்க விதி ஒன்றுதான். கேள்வி கேளாமற் பாகத்தை மாற்றாதீர்கள். ஒரு வேளைக்கு ஒன்றை மாத்திரம் மாற்றுங்கள். மாற்றியபின் ஓட்டிப் பாருங்கள். கண்டதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். மூன்றை ஒருங்கே மாற்றினாற் குணமானாலும் எதனாற் குணமானது என்பது தெரியாது. புதிய பாகமும் பழுதாக இருக்கக்கூடும். அப்போது ஒரு பிணி இரண்டாகும்.

இயந்திரம் சுழலவே மறுக்கும்போதும் இவ்விதி பொருந்தும். நன்கு மின்னேற்றிய பற்றரி ஓய்விலே 12.6 வோல்ற்றுக் காட்டும். ஸ்ராட்டர் சுழலும்போது அது 10 வோல்ற்றுக்கு வெகுவாகக் கீழிறங்கினால் பற்றரியையும் அதன் முனைகளையும் பார்க்க வேண்டும். பற்றரி நலமாயிருந்தும் ஓசையே எழாவிட்டால், கியர்க் கைப்பிடி நடுநிலையில் உள்ளதா என்று பாருங்கள். கியர் நடுநிலையில் இல்லாதபோது ஸ்ராட்டரைத் தடுக்கும் ஆளி ஒன்று பல படகுகளில் உண்டு. பழைய படகிலே அது தேய்ந்துபோவது வழக்கம். இயந்திரத்துக்கும் முகப்புப் பலகைக்கும் இடையிலுள்ள பெரிய கம்பி இணைப்பைப் பிரித்துப் பார்த்தால், பச்சைக் களிம்பு படிந்திருக்கக் காணலாம். துலக்கிப் பூட்டினால் வினோதமான நோய்கள் பல ஒரே நாளில் ஓடிவிடும்.

அடுத்த பெரிய பிணி, வெப்பம். இவ்வியந்திரங்கள் பெரும்பாலும் ஏரிநீரையே உறிஞ்சித் தம்மைக் குளிர்வித்துக் கொள்பவை. றப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம் ஒன்று பம்பியினுள் சுழன்று நீரை இழுக்கும். நீரின்றிச் சில விநாடி சுழன்றாலும் அவ்விதழ்கள் கருகிக் கிழியும். ஆகவே கரையில் நிற்கும் படகை நீரூட்டாமல் முடுக்கலாகாது. வெப்பமானி ஏறினால், நீர் வரும் வழியே செல்லுங்கள். அடியிலுள்ள வாயிற் பாசி அடைத்திருக்கிறதா? கியர்ப்பெட்டி எண்ணெயைக் குளிர்விக்கும் உருளையின் முகப்பிற் குப்பை சிக்கியிருக்கிறதா? பம்பியின் பட்டி தளர்ந்துள்ளதா? றப்பர் இதழ்கள் முழுமையாய் உள்ளனவா? ஓர் இதழ் குறைந்தாற் புதுச்சக்கரம் பூட்டுவது மாத்திரம் போதாது. உடைந்த துண்டு உள்ளே சென்று வேறோரிடத்தை அடைத்திருக்கும். அதைத் தேடி எடுத்தல் வேண்டும்.

எல்லாம் சரியாயிருந்தும் வெப்பம் தணியாவிட்டால், பம்பிக்கு முன்னுள்ள குழாயைச் சந்தேகியுங்கள். அதிலே வெடிப்பிருந்தால் நீர் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே புகும். ஈரம் தெரியாததாற் குற்றமும் தெரியாது. வெப்பத்தை அசட்டை செய்தால் இயந்திரம் மாத்திரம் கெடுவதில்லை. புகைபோகும் றப்பர்க் குழாய்களும் அந்நீராலேயே குளிர்கின்றன. நீர் நின்றால் அவை கருகிவிடும்.

எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்க்கையில் எண்ணெய் பால் கலந்த தேநீரைப் போலிருந்தால், இயந்திரத்துள் நீர் புகுந்துவிட்டது. குளிர்நாட்டு ஏரிகளில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரியும். மாரி தொடங்குமுன் இயந்திரத்திலுள்ள நீரை வடிக்க மறந்தால், வார்ப்பிரும்பும் பிளந்துபோம். அத்தகைய இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தல் தகாது.

இனி, அதிர்வு. படகு நடுங்கினால் முதலில் உந்துவிசிறியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வளைவும் உடலுக்குத் தெரியும். பின்னர், தண்டும் கியர்ப்பெட்டியும் கூடும் இரு தட்டுகளின் இடைவெளியை மென்தகட்டால் அளக்க வேண்டும். சுற்றிலும் அளந்தால் வேறுபாடு 0.08 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. இதைப் படகு நீரில் மிதக்கும்போதே அளத்தல் நன்று. கரையிலே தாங்கிமேல் இருக்கையிற் படகின் உடல் சற்றே வளைந்திருக்கும். தண்டு வெளியேறும் இடத்திலுள்ள அடைப்புப் பெட்டி, தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில துளி நீர் சிந்துவது இயல்பே. அந்நீரே அதைக் குளிர்விக்கிறது. ஒரு துளியும் சிந்தாதபடி இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். வெகுவாகத் தளர்த்தினாற் படகு நிரம்பும்.

நேயர்களே, நீரில் மிதந்துகொண்டிருந்த மகளை நாம் மறந்துவிடலாகாது. படகு நின்றதும் அவள் நீந்திவந்து பின்புறப் பலகையைப் பற்றிக்கொண்டாள். தந்தையோ அவசரத்திற் காற்றூதியை மறந்து, திரும்பத் திரும்ப ஸ்ராட்டரைச் சுழற்றினார். அடிப்பள்ளத்தில் ஆவி தேங்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? அவ்வபாயம் நீங்கி, இயந்திரம் இயங்கிவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். அவள் பற்றியிருந்த பலகைக்கு அருகேதான் புகை வெளிவருகிறது. அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. அது மயக்கும், மயங்கியவர் ஓசையின்றி நீரில் மூழ்குவார். பலகைக்குக் கீழே, சற்று முன்னால், உந்துவிசிறி சுழல்கிறது. ஆகவே ஒருவர் படகின் பின்னே நீரில் இருக்கும்வரை இயந்திரம் ஓடலாகாது. அவர் ஏறி உட்கார்ந்தபின், காற்றூதி தன் நான்கு நிமிடத்தை முடித்தபின், திறப்பைத் திருப்புங்கள். பிணி தீராவிட்டால் துடுப்பு வலித்தோ, மற்றொரு படகின் துணையோடோ கரைசேருங்கள். அதில் வெட்கம் ஏதுமில்லை.

உள்ளிணைப்பு இயந்திரம் பூட்டிய மீன்பிடிக் கலங்கள் நம் துறைமுகங்களிலும் நிற்கின்றன. அவை டீசலில் ஓடுவன. பெற்றோல் ஆவியின் பயம் அவற்றிற்கு இல்லை. ஆனால் அதே தண்டு, அதே அடைப்புப் பெட்டி, குளிர்விக்கும் அதே நீர், நின்றுபோனால் அதே திகைப்பு. அங்கே கரை கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்கும். அவற்றை ஓட்டுவோர்க்கும் இன்று சொன்ன முறை பொருந்தும். நின்ற இயந்திரத்தின் முன்னே சற்று நேரம் கைகட்டி நின்று, அது எப்படி நின்றது என்று நினைத்துப் பார்த்து, அதன்பின் கருவியைக் கையிலெடுங்கள்.